ரெண்டு பக்கம் காலி மனை, தனி வீடு: வெளி விளக்கு எங்கே, எத்தனை வாட், சென்சார் வேலைக்கு ஆகுமா?

மூலைமனை

வணக்கம். தஞ்சாவூர் புறநகர், 40க்கு 60 மனை, வடக்குப் பார்த்த வாசல். தரைத்தளம் மட்டும், மொட்டை மாடிக்கு வெளியிலிருந்தே படிக்கட்டு. முன்னால் 20 அடி ரோடு. பஞ்சாயத்துத் தெருவிளக்கு இரண்டு மனை தள்ளி இருக்கிறது, பாதி நாள் எரியாது. கிழக்கே கார் நிறுத்த 10 அடி, அதைத் தாண்டிப் பக்கத்து வீடு. மேற்கே மூன்றடிச் சந்து, 42 அடி நீளம். பின்னால் 8 அடி இடம்: அடுப்படிக் கதவு, துவைக்கிற கல், போர் மோட்டார், ஒரு தென்னை. பின்மதில் ஐந்தடி. மேற்கிலும் பின்னாலும் காலி மனைகள், சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது.

இப்போது இருப்பவை: மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் முன் மூலை இரண்டிலும் ரோட்டைப் பார்த்தபடி 50 வாட் எல்இடி ஃப்ளட் லைட், 6500 கெல்வின் வெள்ளை. போர்ட்டிகோவில் 9 வாட் பல்பு. கேட் தூண் இரண்டிலும் உருண்டை விளக்கு. கேமரா மூன்று: கேட், கார் பக்கம், பின்கதவு.

சிக்கல்கள் நான்கு. கேட் கேமராவில் ஆள் வருவது தெரிகிறது, முகம் தெரிவதில்லை. எதிர்வீட்டார் ஃப்ளட் லைட் தங்கள் படுக்கையறைக்குள் அடிக்கிறது என்கிறார்கள். பின்பக்கம் கும்மிருட்டு. மழை பெய்தால் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் பிரேக்கர்) டிரிப் ஆகி மொத்த வீடும், கேமராவும் சேர்ந்து அணைந்துவிடுகிறது.

எலக்ட்ரீஷியன் பின்னால் 100 வாட் ஃப்ளட் இரண்டு போட்டு இரவு முழுக்க எரியவிடச் சொல்கிறார். மாதத்தில் நாலைந்து நாள் வீடு பூட்டியிருக்கும். எங்கே, எந்த உயரத்தில், எத்தனை வாட்? சென்சார் விளக்கு நம்ம ஊர் வெயிலுக்கும் மழைக்கும் தாங்குமா?

---

நிழலளவு

பின்னால் 100 வாட் வேண்டாம். முன்னால் இருக்கும் 50 வாட்டையே முதலில் இறக்க வேண்டும்.

வீட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கே வெளிச்சம் இருந்தால் அதைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? முன்பக்கத்தை எதிர்வீடு பார்க்கும், ரோட்டில் போகிறவர் பார்ப்பார், கேமரா பார்க்கும். அங்கே இரவு முழுக்க மெல்லிய விளக்கு எரியலாம். பின்பக்கத்தைப் பார்க்கக் கருவேலம்தான் இருக்கிறது. அங்கே விடிய விடிய 200 வாட் எரிந்தால், கதவின் தாழ்ப்பாளை நெம்ப வருகிறவனுக்கு நாமே விளக்குப் பிடித்த மாதிரி. இருட்டாக இருந்தால் அவன் டார்ச் அடிக்க வேண்டியிருக்கும், அந்த டார்ச்சே அவனைக் காட்டிக்கொடுக்கும். எனவே பின்பக்கமும் மேற்குச் சந்தும் இருட்டாகவே இருக்கட்டும். ஆள் வந்தால் சட்டென்று எரியட்டும். அந்த வெளிச்சம் படுக்கையறை வென்டிலேட்டர் வழியாக உள்ளே தெரிகிற மாதிரி இடம் பாருங்கள். உள்ளே இருப்பவர் கவனிக்காத சென்சார் விளக்கால் பாதிப் பயன்தான்.

ஃப்ளட் லைட் விஷயம். இரவு ஒன்பது மணிக்கு ரோட்டில் நின்று வீட்டைப் பாருங்கள். பிறகு உள்ளங்கையை நீட்டி விளக்கை மட்டும் மறைத்துக்கொண்டு பாருங்கள். மறைத்த பிறகு போர்ட்டிகோவும் சுவரோரமும் இன்னும் தெளிவாகத் தெரிந்தால், அந்த விளக்கு உங்கள் வீட்டை ஒளித்துவைத்திருக்கிறது என்று பொருள். 14 அடி உயரத்திலிருந்து ரோட்டைப் பார்த்து அடிக்கும் விளக்குக்குக் கீழே கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை விழும். எதிர்வீட்டார் ஜன்னலில் நின்று பார்த்தாலும் கூச்சம் மட்டும்தான் தெரியும். கூசின கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதாவது உங்களுக்காகப் பார்க்கக்கூடிய ஒரே ஆளின் கண்ணை நீங்களே கட்டிவிட்டீர்கள்.

எப்படி மாற்றுவது:

முன்புறம். ஃப்ளட் இரண்டையும் கழற்றிவிடுங்கள். போர்ட்டிகோ சீலிங்கில் 7 வாட், 3000 கெல்வின் (மஞ்சள் சாயல் வெளிச்சம்), கீழ்நோக்கி. கேட் தூணில் உருண்டைக்குப் பதில் வெளிச்சம் கீழே மட்டும் விழுகிற மூடி போட்ட விளக்கு, தூணுக்கு 5 வாட். உருண்டை விளக்கின் வெளிச்சத்தில் பாதி வானத்துக்குப் போகிறது, மீதியில் பெரும்பகுதி கண்ணில் அடிக்கிறது.

கார் பக்கம். சுவரில் எட்டடி உயரத்தில் 10 வாட், சென்சாரோடு. கண்ணாடி முகம் தரையைப் பார்க்க வேண்டும். மதிலுக்கு வெளியே நின்றால் எல்இடி சிப் கண்ணில் படக்கூடாது, அதுதான் அளவுகோல்.

மேற்குச் சந்து. ஒரே பெரிய விளக்கைக் கோடியில் வைத்தால் வருகிறவனின் முதுகுப்பக்கம்தான் வெளிச்சமாகும், முகம் நிழலில் போகும். 5 வாட் பல்க்ஹெட் (சுவரோடு ஒட்டுகிற மூடி போட்ட விளக்கு) இரண்டு, 14 அடிக்கு ஒன்றாக. கணக்கு எளிது: 5 வாட்டுக்குச் சுமார் 450 லுமென் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு), இரண்டுக்கு 900. சந்தின் பரப்பு 12 சதுர மீட்டருக்குள். பாதி வெளிச்சம் சுவரில் வீணானாலும் தரையில் 35 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லுமென்) கிடைக்கும். பௌர்ணமி நிலவு கால் லக்ஸ் தேறாது. அதோடு ஒப்பிட்டால் இது பட்டப்பகல்.

பின்புறம். வீட்டின் பின்சுவர் மூலை இரண்டிலும் 10 வாட், எட்டு அல்லது ஒன்பதடி உயரம், ஒன்றின் நிழலை மற்றது நிரப்புகிற மாதிரி குறுக்காக. ஒரே விளக்கு என்றால் தென்னையின் நிழல் ஆள் அகலத்துக்கு விழும். அதில் நின்றால் தெரியாது.

மாடிப்படி உச்சியில், ஹெட்ரூம் (படி முடிகிற இடத்துச் சிறு அறை) கதவுக்கு மேல் ஒரு 5 வாட் சென்சார் விளக்கு. வெளிப்படிக்கட்டு உள்ள வீட்டில் எல்லோரும் மறக்கும் இடம் இதுதான். கீழே நாலு பூட்டு போட்டுவிட்டு மேலே தகரக் கதவில் ஒரு கொண்டியோடு விட்டிருப்பார்கள்.

கழற்றின 50 வாட்டில் ஒன்றைப் பின்பக்கம் மாட்டி, சென்சார் இல்லாமல் படுக்கையறைச் சுவிட்சில் மட்டும் போடுங்கள். ராத்திரி சத்தம் கேட்டால் கதவைத் திறக்காமல் தட்டிப் பார்க்க அது போதும்.

---

பேஸ்நியூட்ரல்

இடம் விஷயத்துல மேலே சொன்னதோட ஒத்துப்போறேன். வயரிங் பத்தி நான் சொல்றேன், ஏன்னா மழைக்கு டிரிப் ஆகுறதை சரி பண்ணாம புது விளக்கு போட்டா பிரச்சினை கூடத்தான் செய்யும்.

மழைக்கு டிரிப் ஆனா முதல் சந்தேகம் கேட் தூண். வீட்டுலருந்து தூணுக்கு மண்ணுக்குள்ள வர்ற வயர்ல நடுவுல ஜாயின்ட் போட்டு டேப் சுத்தியிருப்பாங்க. தண்ணி ஊறினதும் கசிவு. 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி 15க்கு மேல எங்க வேணா தட்டலாம். மழை நேரத்துல கேட் லைட்டோட பேஸ், நியூட்ரல் ரெண்டையும் டிபியில (பிரேக்கர் எல்லாம் இருக்கிற பெட்டி) கழட்டிட்டு ஆர்சிசிபி நிக்குதான்னு பாருங்க. சுவிட்சை மட்டும் ஆஃப் பண்ணிப் பாத்து முடிவுக்கு வராதீங்க; நியூட்ரல் ஈரத்துல எர்த்தைத் தொட்டாலும் டிரிப் ஆகும், அதை சுவிட்ச் துண்டிக்காது.

தூணுக்குப் புதுசா இழுக்கணும்னா 25 மி.மீ. கனமான பிவிசி பைப், ஒன்றரை அடி ஆழம், உள்ளே 1.5 சதுர மி.மீ. மூணு கோர் கேபிள், நடுவுல ஜாயின்ட்டே கூடாது. எர்த் கட்டாயம். ஈரத் தரை, இரும்பு கேட், ரெண்டும் பக்கத்துல இருக்கு.

அடுத்தது முக்கியம். வெளி விளக்கு எல்லாத்தையும் ஒரே சர்க்யூட்டாக்கி அதுக்குத் தனியா ஒரு ஆர்சிபிஓ (கசிவு, ஓவர்லோடு ரெண்டுக்கும் தட்டுற பிரேக்கர்) போடுங்க, 6 இல்ல 10 ஆம்பியர், 30 மில்லியாம்ப். ஆனா இதை இப்ப இருக்கிற ஆர்சிசிபிக்குக் கீழே போட்டா பிரயோஜனமில்லை. ரெண்டும் 30 மில்லியாம்ப்னா எது முதல்ல தட்டும்னு சொல்ல முடியாது, பாதி நேரம் ரெண்டும் சேந்தே தட்டும். மெயின் ஐசொலேட்டர்லருந்து (டிபியோட மெயின் சுவிட்ச்) நேரா, ஆர்சிசிபிக்குப் பக்கவாட்டில் தனி வழியா எடுக்கணும். வெளி சர்க்யூட்டோட நியூட்ரல் அந்த ஆர்சிபிஓக்குள்ளேயே போய் வரணும். வீட்டு நியூட்ரல் பார்ல ஒண்ணா முறுக்கிட்டா விளக்கு போட்ட நொடியே டிரிப். நியூட்ரலைக் கலக்குறதுதான் இந்த வேலையில நடக்குற முதல் தப்பு.

சென்சார் கனெக்‌ஷன். தனியா வர்ற பிஐஆர் (ஆள் நடமாட்டத்தைப் பிடிக்கிற) சென்சார்ல பெரும்பாலும் மூணு வயர்: பிரவுன் பேஸ் உள்ளே, நீலம் நியூட்ரல், சிவப்பு விளக்குக்குப் போறது. எதுக்கும் அட்டையில இருக்கிற படத்தைப் பாத்துக்கோங்க. சென்சார் வேலை செய்ய நியூட்ரல் வேணும். விளக்கு சுவிட்ச் பாக்ஸ்ல பெரும்பாலும் நியூட்ரல் இருக்காது, அதனால சென்சாரை விளக்குப் பக்கத்துலதான் வைக்கணும். ரெண்டே வயர்ல வேலை செய்யும்னு விக்கிறதை வாங்காதீங்க. அது விளக்கு வழியாவே கொஞ்சம் கரன்ட்டை இழுக்கும், எல்இடி மினுக்கு மினுக்குனு அடிக்கும்.

சென்சாரோட பிரவுனுக்கும் சிவப்புக்கும் நடுவுல இணையா ஒரு சாதா சுவிட்ச் போட்டா, சுவிட்ச் ஆன் பண்ணும்போது விளக்கு நிரந்தரமா எரியும், ஆஃப் பண்ணா சென்சார் பாத்துக்கும். இந்த சுவிட்ச் இல்லாம செஞ்சா ராத்திரி பின்னால பாத்திரம் கழுவுறவங்க நிமிஷத்துக்கு ஒருதரம் கையை ஆட்டிக்கிட்டே இருக்கணும்.

பெட்டியில 1200 வாட்னு இருக்கும், அது பழைய குண்டு பல்புக்கு. எல்இடிக்குப் பக்கத்துலயே 300 வாட்னு சின்னதா போட்டிருப்பாங்க. எல்இடி டிரைவர் (விளக்குக்குள்ள கரன்ட்டைச் சீராக்குற சர்க்யூட்) ஆன் ஆகுற முதல் கணம் பல மடங்கு கரன்ட் இழுக்கும். ஒரு சென்சார்ல நிறைய விளக்கைத் தொங்கவிட்டா சென்சார் உள்ளே சுவிட்ச் மாதிரி இருக்கிற ரிலே கான்டாக்ட் பத்தவெச்ச மாதிரி ஒட்டிக்கும். விளக்கு அணையவே அணையாது. ஒரு சென்சாருக்கு ரெண்டு விளக்கோட நிறுத்திக்கோங்க.

ஆஃப் பண்ணின பிறகும் எல்இடி மங்கலா மின்னினா, சுவிட்ச் நியூட்ரல்ல இருக்கா, இல்ல சுவிட்ச்ல சின்ன இண்டிகேட்டர் இருக்கான்னு முதல்ல பாருங்க. நியூட்ரல்ல இருந்தா கட்டாயம் மாத்தணும், ஏன்னா பல்பு மாத்தும்போது ஹோல்டர்ல பேஸ் உசுரோட இருக்கும்.

விளக்கு ஐபி65 (தூசியும் பீச்சுற தண்ணியும் உள்ளே புகாத தரம்) இருக்கட்டும். ஐபி65 வாங்கிட்டு மேல் பக்கமா ஓட்டை போட்டு வயர் நுழைச்சா அந்த நம்பருக்கு அர்த்தமே இல்லை. வயர் கீழேருந்துதான் நுழையணும், நுழையுறதுக்கு முன்னால ஒரு வளைவு தொங்கணும், தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும். சுவரோட ஒட்டுற இடத்துல சிலிக்கான் மேலேயும் ரெண்டு பக்கமும் மட்டும். அடிப்பக்கம் திறந்திருக்கட்டும். நாலு பக்கமும் அடைச்சா உள்ளே போன ஈரம் வெளியே வராது.

---

கணக்குப்பிள்ளை

ஒரு மாற்றுக் கருத்து. விளக்குக்குச் செலவழிப்பதற்கு முன் பின்கதவுக்குச் செலவழியுங்கள்.

வெளிச்சம் கூடினால் திருட்டு குறையும் என்பது எல்லா இடத்திலும் பலித்ததில்லை. 2016ல் நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, பெரிய விளக்குக் கோபுரங்களை ஆறு மாதம் நிறுத்தினார்கள். இரவில் வெளியிடத்தில் நடக்கும் கடுங்குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. எதிர்ப்பக்கம், சிகாகோவில் 2000ஐ ஒட்டி சந்துகளில் விளக்கைப் பிரகாசமாக்கியபோது, பதிவான குற்றங்கள் 21 சதவீதம் கூடின. கண்ணில் படுவது கூடியதால் புகாரும் கூடியிருக்கலாம் என்று ஒரு வாதம் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிப் பகுதிகளின் தரவை வைத்து 2015ல் வெளியான ஆய்வு, தெருவிளக்கை நள்ளிரவில் அணைத்ததாலோ மங்கலாக்கியதாலோ குற்றம் கூடியதற்குச் சான்று இல்லை என்றது. இவை எல்லாம் தெருவையும் பொது இடத்தையும் பற்றியவை, தனி வீட்டைப் பற்றியவை அல்ல. ஆனாலும் “யார் பார்ப்பார்கள்” என்று நிழலளவு கேட்ட கேள்விக்கு இவை வலு சேர்க்கின்றன. ஆள் நடமாட்டம் நெருக்கமான நியூயார்க் குடியிருப்பும் உங்கள் கருவேலங்காடும் ஒன்றல்ல.

ஆகவே முதல் செலவு: அடுப்படிக் கதவுக்கு வெளியே இரும்புக் கிரில் கதவு, உள்ளே மேலும் கீழும் தாழ்ப்பாள். அடுத்தது, பின்மதிலை ஒட்டி உள்ளேயும் வெளியேயும் மூன்றடிக்குச் செடி, புதர் வெட்டுவது. துவைக்கிற கல் மதிலை ஒட்டியிருந்தால் அது ஏணிப்படி; நகர்த்துங்கள். மூன்றாவதாகத்தான் விளக்கு.

மின்கட்டணம். இப்போது எரியும் இரண்டு 50 வாட்டும் 12 மணி நேரத்துக்கு நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 72 யூனிட். நிழலளவு சொன்ன முன்புற விளக்குகள் (7 + 5 + 5 வாட்) அதே 60 நாளுக்கு 12 யூனிட்டுக்குச் சற்று மேல். எலக்ட்ரீஷியன் சொன்ன 200 வாட் மட்டும் 144 யூனிட் இழுக்கும். 500 யூனிட் விளிம்பில் இருக்கிற வீட்டுக்கு இது ஸ்லாபையே மாற்றிவிடும்.

பூட்டியிருக்கும் நாட்களைப் பற்றி ஒன்று. பகல் பதினோரு மணிக்கும் எரிகிற போர்ட்டிகோ விளக்கு, கோலம் இல்லாத வாசல், கேட்டில் செருகின பேப்பர். இந்த மூன்றும் சேர்ந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று போர்டு எழுதி மாட்டின மாதிரி. போர்ட்டிகோ விளக்கைத் தானாக எரிந்து அணைய வையுங்கள். கோலத்துக்கும் பேப்பருக்கும் பக்கத்து வீட்டில் சொல்லிவையுங்கள், காவல் நிலையத்திலும் ஒரு தகவல் கொடுங்கள்.

---

மூலைமனை

நன்றி. துவைக்கிற கல் மதிலை ஒட்டித்தான் இருக்கிறது. நகர்த்திவிடலாம்.

மூன்று சந்தேகம். ஒன்று, தெருநாய், பூனை, பல்லிக்கெல்லாம் சென்சார் எரிந்துகொண்டே இருக்குமா? சித்திரை வெயிலில் பிஐஆர் வேலை செய்யாது என்கிறார்கள், உண்மையா? இரண்டு, கேட் கேமராவில் முகம் தெரிய என்ன செய்வது? மூன்று, பின்பக்கத்துக்கு வயர் இழுக்காமல் சோலார் விளக்கு மாட்டினால் போதாதா?

---

நிழலளவு

சென்சாருக்கு நான் சொல்கிறேன்.

பிஐஆர் உடம்புச் சூட்டை அளப்பதில்லை. அதன் வெள்ளைக் குமிழி பார்வையைப் பல கீற்றுகளாகப் பிரிக்கிறது. ஒரு கீற்றிலிருந்து அடுத்ததற்குச் சூடான பொருள் நகரும்போது ஏற்படும் மாற்றத்தைத்தான் பிடிக்கிறது. இதிலிருந்து இரண்டு விஷயம். முதலாவது, குறுக்கே நடப்பவனைச் சீக்கிரம் பிடிக்கும், நேராக அதை நோக்கி வருகிறவனைத் தாமதமாகப் பிடிக்கும். எனவே மேற்குச் சந்தில் சென்சாரைக் கோடியில் வைத்து நீளவாக்கில் பார்க்கவிடாதீர்கள். சந்தின் நடுவே, வீட்டுச் சுவரில், எதிர் மதிலைப் பார்த்து வையுங்கள். வருகிறவன் மூன்றடி தூரத்தில் குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும். பார்வை மதிலில் முட்டி நின்றுவிடுவதால் வெளியே போகிற நாய்க்கு எரியாது.

இரண்டாவது, வெயில். பெட்டியில் 12 மீட்டர் என்று போட்டிருந்தால் பக்கத்தில் 24 டிகிரிக்குக் கீழ் என்றும் இருக்கும். சித்திரை மாதம் இரவு எட்டு மணிக்குச் சுவரின் சூடும் தோலின் சூடும் கிட்டத்தட்ட ஒன்று, வித்தியாசம் இல்லாததால் தூரம் பாதியாகக்கூடச் சுருங்கும். வேலை செய்யாது என்பது மிகை. 12 மீட்டரை நம்பி ஒரே சென்சார் போடாமல், ஐந்தாறு மீட்டருக்கு ஒன்று என்று கணக்கிடுங்கள். பின்பக்கம் இரண்டு விளக்குக்கும் தனித்தனிச் சென்சார் வேண்டும் என்பதற்கு இதுவும் காரணம்.

நாய், பூனை: ஏழு முதல் எட்டடி உயரத்தில் வைத்து, குமிழியின் கீழ்ப்பகுதிக் கீற்றுகளைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் கொஞ்சம் மறைத்தால் சென்சாருக்கு நேர் கீழே நடமாடுகிற பூனைக்கு எரிவது குறையும். தூரத்தில், மதில்மேல் நடக்கிற பூனையை இதால் தடுக்க முடியாது. பல்லி குமிழியின் மேலேயே உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே பூச்சி வராமல் பார்த்துக்கொண்டால் பல்லியும் வராது. அதற்குத்தான் 3000 கெல்வின். 6500 வெள்ளையில் நீலம் அதிகம், மழை விட்ட மறுநாள் ஈசல் முழுக்க அதில்தான் மொய்க்கும்.

சென்சாருக்கு எதிரே ஏசி அவுட்டோர் யூனிட், அடுப்படி எக்ஸாஸ்ட், காற்றில் ஆடுகிற வாழையிலை, காயப்போட்ட புடவை இருக்கக்கூடாது. விளக்கின் சூடும் நேராகச் சென்சாரில் படக்கூடாது; பட்டால் அணைந்து குளிர்ந்து அதுவே தன்னை எழுப்பிக்கொள்ளும்.

மூன்று திருகு இருக்கும். மாட்டினதும் லக்ஸ் திருகைச் சூரியன் படத்துக்கும் நேரத் திருகைக் குறைந்த அளவுக்கும் வையுங்கள். கரன்ட் கொடுத்தபின் அரை நிமிடம் அது நிதானத்துக்கு வரும், அதுவரை தொடாதீர்கள். பிறகு பகலிலேயே நடந்து பாருங்கள்: மதிலேறிக் குதிக்கிற இடம், தென்னையின் பின்புறம், மோட்டார் பக்கம். எங்கே எரிகிறது என்று சாக்பீஸால் தரையில் குறியுங்கள். திருப்தியானதும் லக்ஸை நிலா பக்கம் திருப்பி, நேரத்தை ஒன்றரை இரண்டு நிமிடத்தில் நிறுத்துங்கள். பத்து விநாடி வைத்தால் அவன் அசையாமல் நின்றதும் அணைந்துவிடும். பத்து நிமிடம் வைத்தால் சட்டென்று எரிகிற அதிர்ச்சி போய்விடும், வீட்டாரும் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

மைக்ரோவேவ் சென்சார் என்று இன்னொரு வகை உண்டு, பெரும்பாலும் 5.8 ஜிகாஹெர்ட்ஸ். வெயில் அதைப் பாதிக்காது. ஆனால் மரக்கதவு, கண்ணாடி தாண்டி உள்ளே நடப்பவரையும் பிடிக்கும், மழைத் தாரைக்கும் எரியும். வெளியிடத்துக்கு வேண்டாம்.

---

லென்ஸ்துடைப்பான்

கேட் கேமரா. ஃப்ளட் லைட் வருகிறவரின் முகத்தில் அடிப்பதால் முகம் தெரியும் என்று நினைத்திருப்பீர்கள். அவர் வெளிச்சத்துக்குள் வந்ததும் கேமரா மொத்தப் படத்தையும் சமன் செய்யப் பார்க்கும், முகம் வெள்ளைத் திட்டாகும். தூண் விளக்கைத் தாண்டி உள்ளே வந்தால் அந்த விளக்கு முதுகுக்குப் பின்னால் போய் முகம் கறுப்பாகும். இரண்டும் ஒரே இரவில் நடக்கும்.

விளக்கு கேமராவின் படத்துக்குள் தெரியவே கூடாது. கேமரா இருக்கும் அதே சுவரில், மூன்றடி பக்கவாட்டில், கேமரா பார்க்கும் திசைக்கே வெளிச்சம் விழ வேண்டும். போர்ட்டிகோவின் 7 வாட் அந்த வேலையைச் செய்யும், கேமராவை அதற்குச் சற்று முன்னால் நகர்த்தினால். உயரம் ஏழரை அடி. பத்தடிக்கு மேல் ஏற்றினால் உச்சந்தலையும் தொப்பியும்தான் பதிவாகும்.

முன்பக்கம் நிரந்தரமான மெல்லிய வெளிச்சம் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம்: இருட்டில் கேமரா கறுப்பு வெள்ளை அகச்சிவப்பு முறையில் இருக்கும். சென்சார் விளக்கு திடீரென்று எரிந்தால் உள்ளே ஃபில்டர் மாறி நிறத்துக்கு வர இரண்டு மூன்று விநாடி படம் வெளுத்துப் போகும். முகம் திரும்புவது சரியாக அந்த விநாடிகளில்தான். பின்கதவு கேமரா தானாக நிறத்துக்கு மாறாமல், இரவு நேரம் முழுக்கக் கறுப்பு வெள்ளை முறையிலேயே இருக்கும்படி அதன் செட்டிங்ஸில் நேரப்படி பூட்டிவிடுங்கள். நிறம் இல்லாவிட்டாலும் தொடர்ச்சி அறுந்துபோகாது.

கேமரா சன்ஷேடுக்கு நெருக்கமாக இருந்தால் அதன் சொந்த அகச்சிவப்பே கான்கிரீட்டில் பட்டுத் திரும்பி வரும். படத்தின் ஓரம் பனிமூட்டமாக இருந்தால் அதுதான். சிலந்தி வலையை மாதம் ஒருமுறை தட்டுங்கள், கேமரா பக்கம் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும்.

---

பேஸ்நியூட்ரல்

சோலார் கேட்டீங்க. கணக்கு போட்டுப் பாருங்க. கடையில “100 வாட்”னு ஒட்டியிருக்கிற சுவர் விளக்கோட பேனல் நிஜத்துல ரெண்டு வாட் இருந்தா அதிகம். நம்ம பக்கம் நல்ல வெயில் அஞ்சு மணி நேரம், பத்து வாட்-அவர். இழப்பு போக ஆறு ஏழு. உள்ளே ஒரே ஒரு 18650 செல் (உருளை லித்தியம் பேட்டரி), 2000 மில்லியாம்ப்-அவர்னா 7.4 வாட்-அவர். அஞ்சு வாட் வெளிச்சத்தை ஒரு மணி நேரத்துக்குச் சொச்சம்தான் தாங்கும். சென்சார் முறையில மட்டும், ராத்திரிக்கு இருபது தடவை எரியுறதுக்கு அது போதும். விடிய விடிய எரியாது. ஐப்பசி கார்த்திகையில நாலு நாள் மூடாப்பு போட்டா அதுவும் சந்தேகம். வெயில்ல சுவத்தோட ஒட்டி வேகுற பேட்டரி ரெண்டு வருஷத்துல தளர்ந்துடும்.

வாங்கியே ஆகணும்னா பேனல் தனியா, வயரோட வர்றதா பாருங்க. பேனலை மாடியில தெற்கு பாத்து 10 லருந்து 15 டிகிரி சாய்ச்சு வைங்க, விளக்கை நிழல்ல. பேட்டரி 3.2 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. ஹெட்ரூம் கதவுக்கு இது பொருத்தம். பின்பக்கத்துக்கு வயர் விளக்குதான்.

அதுக்கு ஒரு காரணம் இருக்கு. உங்க மெயின் சுவிட்ச் வெளியில மீட்டர் பக்கத்துல இருக்குமே, அதை யார் வேணாலும் இறக்கலாம். பின்பக்கச் சென்சார் விளக்கு ரெண்டையும், கேமரா பெட்டி, ரவுட்டரையும் இன்வெர்ட்டர் லைன்ல கொடுங்க. எல்லாம் சேத்தே 50 வாட்டுக்குள்ள. கரன்ட் போனாலும், போக வெச்சாலும் பின்பக்கம் எரியும். இந்த ரெண்டு விளக்கோட நியூட்ரலும் இன்வெர்ட்டர் லைனோடதா இருக்கணும், அதுக்குத் தனி ஆர்சிபிஓ. நான் முன்னாடி சொன்ன வெளி சர்க்யூட்டோட சேக்காதீங்க. மெயின் பாக்ஸுக்கு ஒரு பூட்டு. மீட்டர்ல ஈபி சீல் இருக்கிற பகுதியை மட்டும் தொடாதீங்க.

---

மூலைமனை

சரி. இப்படி எழுதி வைத்திருக்கிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள்: முன்னால் 7 வாட் ஒன்று, தூணுக்கு 5 வாட் இரண்டு, இவை மூன்றும் பொழுது சாய்ந்தால் எரிந்து விடிந்தால் அணைகிற போட்டோசெல் ஒன்றில். கார் பக்கம் 10 வாட் ஒன்று, சந்தில் 5 வாட் இரண்டுக்கு ஒரு சென்சார், பின்னால் 10 வாட் இரண்டு, தனித்தனிச் சென்சார், இன்வெர்ட்டரில். மாடியில் சோலார். ஆர்சிபிஓ இரண்டு. பழைய ஃப்ளட் ஒன்று படுக்கையறைச் சுவிட்சில். போட்டோசெல்லை போர்ட்டிகோ சீலிங்கில், 7 வாட் பக்கத்திலேயே வைக்கலாமா?

---

பேஸ்நியூட்ரல்

வைக்கக்கூடாது. விளக்கு எரிஞ்சதும் அதோட வெளிச்சமே போட்டோசெல்லுல பட்டு “விடிஞ்சிடுச்சு”ன்னு அணைச்சிடும், அணைஞ்சதும் திரும்ப எரியும், ராத்திரி முழுக்க இதே கூத்து. போர்ட்டிகோவுக்குள்ள சாயங்காலம் நாலு மணிக்கே நிழல் வேற. சன்ஷேடுக்கு மேல, வானத்தைப் பாத்து, உங்க வீடு வடக்குப் பாத்ததுங்கிறதால முன்பக்கமே வைங்க. நேர் வெயில் குறைவா படும், பிளாஸ்டிக் வெளுத்துப் போகாது. தெருவிளக்கு எரியுற நாள்ல அந்த வெளிச்சம் படுதான்னும் பாருங்க.

போட்டோசெல்லுக்குப் பதில் டைமர் வெச்சா, தஞ்சாவூர்ல பொழுது சாயுற நேரம் கார்த்திகைக்கும் ஆடிக்கும் முக்கால் மணி நேரத்துக்கு மேல வித்தியாசம், வருஷத்துல ரெண்டு மூணு தடவை மாத்தணும். கரன்ட் போனா மெக்கானிக்கல் டைமர் அப்படியே நின்னுடும், வந்ததும் தப்பான நேரத்துல எரியும். ஊருக்குப் போற வீட்டுக்கு அது ஆகாது.

லிஸ்ட்ல ஒண்ணு விட்டிருக்கீங்க: டிபியில டைப் 2 சர்ஜ் புரொடெக்டர் (திடீர்னு பாயுற அதிக வோல்டேஜை எர்த்துல இறக்குற பெட்டி). வெளியில இத்தனை எல்இடி டிரைவர் தொங்கும்போது ஒரு இடி எல்லாத்தையும் சேத்து எடுத்துடும். போடுறதுக்கு முன்னால எர்த் குழியை ஒருதரம் மெகருள்ள ஆளைக் கூப்பிட்டு அளந்து பாருங்க, எர்த் சரியில்லைன்னா அந்த சர்ஜ் பெட்டி சும்மா அலங்காரம்.

---

கணக்குப்பிள்ளை

மெகர் இன்சுலேஷனுக்கு, எர்த் குழிக்கு எர்த் டெஸ்டர். இரண்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள்: ஒன்றால் தூணுக்குப் போகும் பழைய கேபிளை விளக்கைக் கழற்றிவிட்டு அளக்கலாம், மற்றதால் குழியை. கேபிள் 1 மெகாஓம்முக்குக் கீழே காட்டினால் தோண்டிப் பார்க்கவே வேண்டாம், புதிதாக இழுத்துவிடலாம்.